புழுவுக்கும் பங்குள்ள தோட்டம்

கொங்குப் புறநகர் மனைகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு ஒரு திறந்த மடல்





கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். கடன் வாங்கி, கிணறோ போரோ போட்டு, கிரகப்பிரவேசம் முடித்த கையோடு வாசலில் நாலு பூச்செடி வைக்க வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் பொது. அந்த ஆசையை நம்பித்தான் உங்களிடம் பேசுகிறேன்.

கேட்பது இரண்டு. உங்கள் மனையில் ஓர் ஆவாரைச் செடிக்கு இடம் கொடுங்கள். அது வளர்ந்த பிறகு அதன் இலையைப் புழு தின்றால் தின்ன விடுங்கள். முதலாவது சுலபம். இரண்டாவதற்கு மனம் ஒப்ப வேண்டும். அதனால்தான் இந்த மடல் சற்று நீளமாகப் போகிறது.

நம் வீடுகள் நிற்கும் மண் பெரும்பாலும் மேட்டாங்காடாக இருந்தது. மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த காடு. காங்கயம் பக்கமென்றால் வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு மேய்த்த கொறங்காடு. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, இரண்டு காட்டுக்கு நடுவே இட்டேரி என்னும் வழி. அந்த இட்டேரி ஓரத்தில் ஆவாரையை யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவுமில்லை. தானே முளைத்து, ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காததால் தானே தழைத்து, கோடையிலும் பச்சை மாறாமல் நின்றது. பட்டை தோல் பதனிடப் போனது. தழை வயலுக்கு உரமானது. மனை பிரிக்கும்போது முதலில் போவது வேலியும் இட்டேரியும்தான். பொக்லைன் ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிடும். பிறகு கல் நட்டு, தார் போட்டு, வளைவு கட்டி, மனை விற்பனைக்கு வரும். நாம் வாங்கியது அப்படி வழித்துச் சுத்தமாக்கிய நிலம்.

தை பிறப்பதற்கு முன் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக்கட்டும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. நிலைப்படியில் செருகுகிறோம், கேட்டில் கட்டுகிறோம், காரிலும் கட்டுகிறோம். அந்தக் கட்டை உழவர் சந்தை வாசலிலோ ரோட்டோரத்திலோ காசு கொடுத்து வாங்குகிறோம். எங்கோ மிச்சமிருக்கும் வேலியிலிருந்து யாரோ ஒடித்து வந்த பூ அது. நமக்கு வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் இந்தச் செடியை வருடம் முழுக்க நம்பியிருக்கும் உயிர்கள் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

ஆவாரம்பூவைப் பறிக்காமல், கிளையில் இருக்கும்படியே ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஓரம் சுருங்கிய ஐந்து மஞ்சள் இதழ்கள். நடுவில் பத்து மகரந்தக் கேசரங்கள். மேலே இருக்கும் மூன்றும் மலடு. மற்றவற்றில் சில குட்டை. கீழே இருப்பவை நீண்டு வளைந்தவை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் வெடித்துப் பொடி வெளியே தெரியும். ஆவாரையில் அப்படி வெடிக்காது. பையின் நுனியில் சிறு துளை மட்டுமே. பொடி முழுதும் உள்ளே இருக்கும். மிளகுத்தூள் குப்பியைப் போலக் குலுக்கினால்தான் கொட்டும். இந்தப் பூவில் தேன் ஒரு துளியும் கிடையாது. வருகிறவருக்குக் கொடுக்க அதனிடம் இருப்பது மகரந்தம் மட்டுமே.

குலுக்குவது யார்? வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் செடிப் பக்கம் நின்றால் கருவண்டு வருவதைப் பார்க்கலாம். பளபளக்கும் கறுப்பு உடம்பு. வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும் சிறகு. வண்டு என்று சொன்னாலும் இது தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவில் வந்து தொங்கியதும் பறக்கும் ரீங்காரம் நின்றுவிடும். அடுத்த கணம் வேறொரு சுருதியில், முன்னதைவிட உச்சமாக, விட்டு விட்டு ஓர் அதிர்வு கேட்கும். அப்போது சிறகு விரிந்து அடிக்காது. சிறகை இயக்கும் நெஞ்சுத் தசையை மட்டும் துடிக்கவிட்டு, கால்களால் பற்றிய பூவையே அது அதிரவைக்கிறது. துளை வழியே பொடி பீய்ச்சிக்கொண்டு வண்டின் வயிற்றில் கொட்டுகிறது. குட்டைக் கேசரத்தின் பொடியை வண்டு தன் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகிறது. நீண்ட கேசரத்தின் பொடி, அது துடைத்தெடுக்க முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேர்கிறது. ஒரே பூ இப்படி வேலையைப் பிரித்து வைத்திருப்பதை ஃபிரிட்ஸ் முல்லர், ஹெர்மன் முல்லர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் 1880-களில் எழுதினார்கள். சார்லஸ் டார்வினும் தம் கடைசிக் காலத்தில் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வெவ்வேறு செடிகளில் ஆராய்ந்ததை நாம் நம் வாசலிலேயே நின்று பார்க்கலாம்.

பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதற்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது. கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அவற்றின் உறவுகள் சிலவும்தான் செய்யும். இதனால் நம் சமையலறைக்கும் ஒரு லாபம் உண்டு. கத்தரிப்பூவிலும் மகரந்தப் பையின் நுனியில் துளைதான். தக்காளிப் பூவிலும் பொடி நுனி வழியாகவே வெளியேறுகிறது. காற்றில் ஆடினாலே இவை ஓரளவு காய்த்துவிடும். ஆனால் அதிரவைக்கும் தேனீக்கள் வந்து போகும் தோட்டத்தில் காய்ப்பு கூடுகிறது, காயும் பருக்கிறது. பூ உதிர்வதற்கு வெயில், தண்ணீர்க் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கத்தரி பூப்பூவாய் உதிர்கிறது என்று உரத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், தோட்டத்துக்குக் கருவண்டு வருகிறதா என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கருவண்டைக் கண்டதும் கதண்டு என்று பயந்து விளக்குமாற்றை எடுப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கதண்டு கூட்டமாக வாழ்வது, கூட்டைத் தொட்டால் துரத்திக் கொட்டுவது. கருவண்டு தனித்து வாழ்வது. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. பட்ட மரக்கிளையையும் காய்ந்த மூங்கிலையும் குடைந்து, உள்ளே மகரந்த உருண்டை ஒன்று வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்பு வைத்து மூடும். பிறகு அடுத்த அறை. ஆகவே முருங்கையில் பட்டுப்போன கிளை யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் விட்டுவைக்கலாம். நாலு மூங்கில் துண்டுகளைக் கட்டி மழை படாத மூலையில் தொங்கவிடலாம். நீலப்பட்டைத் தேனீக்கு மண் வேண்டும். வீட்டைச் சுற்றி ஓரடிகூட விடாமல் சிமெண்ட் போட்டுவிட்டால் அது முட்டையிட இடமில்லை. காம்பவுண்ட் ஓரமாகக் கொஞ்சம் வெறும் மண் இருக்கட்டும்.

இனி இலைக்கு வருகிறேன்.

ஆவாரையின் கொழுந்து இலையில் வெள்ளை நிறத்தில், கதிர் போல நீண்டு செங்குத்தாக நிற்கும் ஒற்றை முட்டையைப் பார்க்கலாம். வெளிறிய வெள்ளைச் சிறகோடு, எங்கும் உட்காராமல் வேகமாகப் பறந்து போகுமே, அந்தப் பட்டாம்பூச்சி இட்டது. ஆங்கிலத்தில் 'மாட்டில்டு எமிகிரண்ட்' என்பார்கள். பட்டாம்பூச்சிப் புழு கண்டதையெல்லாம் தின்னாது. ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான். இந்த இனத்தின் புழு தின்பது ஆவாரையையும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளையும். முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு இலை நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். பழகாத கண்ணுக்குத் தெரியாது. உடம்பின் இரு பக்கமும் ஓடும் வெளிறிய கோடும் அதன்மேல் கறுப்புப் புள்ளி வரிசையும்தான் காட்டிக்கொடுக்கும். தின்று, தோலுரித்து, பருத்து, கிளையில் ஒரு நூலிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, பறக்கும் பூச்சியாக வெளியே வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

அந்த மூன்று நான்கு வாரத்தில்தான் நம் தோட்டம் எப்படிப்பட்டது என்பது தெரியும். இலையில் ஓட்டை விழுகிறது. ஒரு கொம்பு மொட்டையாகிறது. செடிக்கு நோய் வந்துவிட்டது என்று பதறி, மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று செடி வைத்தவர்களே அதன் பிள்ளையைக் கொன்றுவிடுகிறோம். ஆவாரை இதற்கெல்லாம் பழகிய செடி. காலங்காலமாகத் தின்னக் கொடுத்து, திரும்பத் துளிர்த்து வந்திருக்கிறது. புழு பெருகினால் குளவி வரும். குஞ்சுக்கு இரை தேடித் தையல்சிட்டு வரும். நாம் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டும்.

இலைக்காம்பில் எறும்பு ஊர்ந்தாலும் பொடி தூவ வேண்டாம். ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவே ஆவாரை ஒரு சிறு சுரப்பியை வைத்திருக்கிறது. பூவில் இல்லாத தேன் அங்கே இருக்கிறது. எறும்பு அதற்காகத்தான் வருகிறது. வந்த இடத்தில் செடிக்குக் காவலாகவும் திரிகிறது.

மருந்துகளிலும் இமிடாகுளோபிரிட் போன்றவற்றை வீட்டுத் தோட்டத்துக்குள் விடவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால் கடைக்காரர் சட்டென்று எடுத்துக் கொடுப்பது அதைத்தான். தெளித்த இடத்தோடு நிற்கும் மருந்தல்ல அது. செடி உறிஞ்சிக்கொண்டு இலை, தண்டு, மகரந்தம் எல்லாவற்றிலும் ஏற்றிவிடும். தேனீக்களுக்கு அது செய்யும் கேட்டைக் கண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதையும் அதன் கூட்டாளிகள் இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்தை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம்.

பட்டாம்பூச்சிக்கு ஏற்றது என்று நர்சரியில் கொடுப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுச் செடிகள். உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் காடுகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதே செடியைப் பல நிறங்களில் பையில் வைத்து விற்கிறார்கள். அதில் தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி வருவது உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பட்டாம்பூச்சி தன் புழுவை வளர்க்க அது உதவாது. ஆவாரைக்கு உறவான செடிகளிலும் எச்சரிக்கை தேவை. மஞ்சள் பூக்கொத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வளர்த்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அமெரிக்க மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்குள் பரவிவிட்டது. வனத்துறை இப்போது அதை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். ஆவாரை மரமாகாது, ஆளுயரத்துக்குச் சற்று மேல் நிற்கும் புதர். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் வடிவில் அகன்ற இரண்டு சிறு இலைகள் இருக்கும். காய் தட்டையாக, மெல்லியதாக, காய்ந்தால் தாள் போலச் சலசலக்கும். இவை மூன்றும் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

நாற்று தேடி அலைவதைவிட விதை போடுவதே நல்லது. ஊருக்கு வெளியே நிற்கும் செடியில் பழுப்பேறிக் காய்ந்த காய்களில் நாலைந்தைப் பறித்தால் போதும், முழுதையும் உருவிவிடாதீர்கள். விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்துவிட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, ஆறியபின் அதிலேயே ஊற விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை எடுத்து ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

ஆவணி, புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பையில் வளர்ந்த நாற்றை வெகுநாள் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும். நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதை ஊன்றி, தேறியதை விட்டு மற்றதை எடுத்துவிடுவது உத்தமம். பையில்தான் போடுவேன் என்றால் ஒரு சாண் உயரத்துக்குள் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். செம்மண், சரளை, மணல் எதுவானாலும் சரி. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள். எருவும் உரமும் போட்டுக் கொழுக்க வைக்க வேண்டாம். போட்டால் தழைதான் மண்டும். முதல் கோடையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகு அது உங்களை எதிர்பார்க்காது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நம் பகுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு செடிக்கு நடுவே நாலைந்து அடி விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, காய் முற்றி விதை எடுத்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிட்டால் அடர்ந்து கிளைக்கும். வெட்டும் முன் கிளைகளில் கூட்டுப்புழு தொங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில் பூக்கத் தொடங்கும். மண்ணே இல்லாதவர்கள் பெரிய டிரம்மில் மாடியில் வளர்க்கலாம். ஆனால் நிலத்தில் நிற்கும் செடியின் ஆயுளும் தெம்பும் அதற்கு வராது.

ஆவாரம்பூவில் தேன் இல்லை என்று சொன்னேன் அல்லவா? கருவண்டும் வயிறு நிறைய வேண்டுமே. அதனால் பக்கத்தில் தேன் தரும் நம் ஊர்ச் செடி ஒன்றும் இருக்கட்டும். எருக்கம்பூவை நாடி வருவது இதே கருவண்டுதான். வீட்டில் எருக்கு வைக்க மனமில்லை என்றால் ஆடாதோடை வையுங்கள், நொச்சி வையுங்கள். நொச்சி பூத்தால் தேனீக்கள் நாள் முழுக்க விலகாது. செடிகளின் காலடியில் தும்பையும் துளசியும் தாமாக முளைத்தால் களை என்று பிடுங்கிவிட வேண்டாம்.

உங்களில் சிலர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். புதர் வைத்தால் பாம்பு வராதா? பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது. செங்கல் குவியலிலும் குப்பை மேட்டிலும் ஒளிகிறது. ஆவாரையின் அடிக்கிளைகளை ஓரடி உயரத்துக்குக் கழித்துவிட்டால் கீழே தரை தெளிவாகத் தெரியும். மூலையில் கிடக்கும் கட்டடக் கழிவை அப்புறப்படுத்துங்கள், அதுவே பெரிய பாதுகாப்பு.

பூவை நாம் பறிக்கக் கூடாதா? தாராளமாகப் பறிக்கலாம். காயவைத்து நீர் காய்ச்சிக் குடிக்கிறோம், அரைத்துத் தேய்த்துக் குளிக்கிறோம்; நம் கைக்கும் உரியதுதான். ஆனால் ஒரு செடியை மொத்தமாக உருவாமல், பாதிப் பூவை வண்டுக்கு விடுங்கள். சர்க்கரைக்கு ஆவாரம்பூவை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேலியில் கிடந்த செடியை வாசலில் வைப்பதா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2014-இல் உருவான தெலங்கானா தன் மாநிலப் பூவாகத் தேர்ந்துகொண்டது ஆவாரம்பூவைத்தான். அங்கே பெண்கள் பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கும் பூக்களில் இதற்கு முதன்மையான இடம். நம் கொங்கு மண்ணிலும் இந்தப் பூ இல்லாமல் காப்பு இல்லை. இதற்கு மேல் அதற்கு என்ன மதிப்பு வேண்டும்?

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடங்களில் புல்தரை விரித்து, லாரித் தண்ணீர் ஊற்றி, கோடையில் காயவிடுகிறோம். அதன் ஓரம் முழுக்க ஆவாரையை வேலியாக ஊன்றுங்கள். ஒரு வீட்டில் ஒரு செடி இருந்தால் வண்டு வந்து போகும். தெருவுக்குப் பத்துச் செடி இருந்தால்தான் தங்கி வாழும். விதை இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுங்கள். ஒரே பருவத்தில் ஒரு மனைப்பிரிவு முழுக்க ஊன்றிவிட முடியும்.

வேலியும் இட்டேரியும் திரும்பி வரப்போவதில்லை. அவற்றில் வாழ்ந்தவற்றுக்கு இனி இருப்பது நம் காம்பவுண்டுக்குள் நாம் விடும் இடம்தான். நமக்கு அது ஓர் ஓரம், அவற்றுக்கு அதுவே எல்லாம். அதனால் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இலையில் ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்தால் மருந்தைத் தேடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பிறகு உங்களுக்கே மருந்தடிக்க மனம் வராது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி